கலைமதியின் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

அடுப்பை அணைத்ததும் ஒருமுறை, வாசலைத் தாண்டியபின் திரும்பி வந்து ஒருமுறை. சிலிண்டர் குமிழை இரண்டு தடவை பார்த்தால்தான் சுடர்விழிக்கு மனசு ஆறும். கறம்பக்குடியில் எட்டே முக்கால் பஸ்ஸுக்கு எட்டே காலுக்கே போய் நிற்பாள். "இவ பொறக்கும்போதே ரெண்டு நாள் முன்னாடி வந்து காத்துக்கிட்டு இருந்தவ" என்று அவள் அப்பா உடையப்பன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவள்தான் அந்தச் சாவியைத் தொலைத்தாள்.

சென்னையில் மூன்று வருடம் செல்போன் ஆப் செய்யும் கம்பெனியில் இருந்தாள். பிறகு அதே வேலையை வீட்டு மாடி அறையிலிருந்து பார்க்கிறேன் என்று ஊருக்கு வந்துவிட்டாள். வயது இருபத்தெட்டு. கீழே அப்பாவின் டிராக்டர் நிற்கும். மேலே அவளுடைய மேக் மடிக்கணினி திறந்திருக்கும். கல்லூரியில் படிக்கும்போது ஓர் ஆயுத பூசைக்கு முதல் நாள், டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்த உடையப்பன் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "எம் மெஷினை நான் கழுவிட்டேன், ஒன் மெஷினை நீ கழுவு!" விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அதை வழக்கமாக்கிக்கொண்டாள். வருடா வருடம் ஆயுத பூசைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, கணினியை முழுக்க அழித்துப் புதுசாக்கி, மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து, டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில் வைப்பாள். எதை எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதையும் இரண்டு முறை பார்ப்பாள்.

அந்தப் பட்டியலில் சாவி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு கோப்பாக அது அவள் முன்னால் வந்து நின்றதே இல்லை.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது தெரியவந்தது.

கறம்பக்குடியில் பேச்சு வராத குழந்தைகளுக்கு ஒரு பகல் பள்ளி இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து அங்கே பதினான்கு ஐபேட் வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றுக்காகச் சுடர்விழி ஓர் ஆப் செய்து தந்தாள். திரையில் படங்கள் இருக்கும். படத்தை அமுக்கினால் அந்தக் குழந்தையின் வீட்டார் பதிவு செய்த குரல் பேசும். கடையில் கிடைக்கிற ஆப்களும் பேசத்தான் செய்தன, ஆனால் அந்தப் பேச்சு ரேடியோ செய்தி மாதிரி இருந்தது. "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று கறம்பக்குடியில் எந்தப் பிள்ளை கேட்கும்?

அன்று காலை சத்யா டீச்சர் போன் செய்தார். "பிள்ளைங்க கரும்பு கேக்குதுங்க சுடர், கரும்புக்கு ஒரு படம் போட்டுத் தாயேன்." ஐந்து நிமிட வேலை. படத்தைச் சேர்த்துவிட்டு, ஆப்பைப் புதிதாகக் கட்டும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. சான்றிதழ் இருக்கிறது, அதற்குரிய சாவி இந்தக் கணினியில் இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் கட்டச் சொன்னாள். அதே வரி.

இந்த மாதிரி ஆப் ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. ரேஷன் கார்டு மாதிரிதான். செய்தவர் இன்னார், இந்தப் பதினான்கு ஐபேடில் மட்டும் ஓடலாம், இன்ன தேதிவரை ஓடலாம் என்று அதில் இருக்கும். அதன் அடியில் செய்தவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடுவது கணினிக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஓர் இரகசிய எண். அதைத்தான் சாவி என்பார்கள். இந்தச் சாவி இன்னாருடையது என்று ஐபேட் கம்பெனி தரும் அத்தாட்சிதான் சான்றிதழ். போன ஆயுத பூசைக்கு அவள் கணினியைக் கழுவியபோது சாவியும் தண்ணீரோடு போயிருந்தது.

சீட்டைத் திறந்து தேதியைப் பார்த்தாள். வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

இன்றைக்குச் செவ்வாய்.

அதற்குப்பின் பதினான்கு ஐபேடிலும் ஆப்பின் படத்தைத் தொட்டால் ஆப் திறக்கிற மாதிரி ஒரு மின்னல் மின்னிவிட்டு மூடிக்கொள்ளும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. குழந்தைகளின் குரல்கள் எல்லாம் அந்தந்த ஐபேடுக்குள்ளேயே இருந்தன, வேறெங்கும் நகல் இல்லை. அப்புறம் செய்துகொள்ளலாம் என்று அவள்தான் விட்டிருந்தாள். ஆப் திறக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் எல்லாரும் செய்வதைச் செய்வார்கள். அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். அழித்தால் குரல்களும் போய்விடும்.

பள்ளிக்கு ஓடினாள்.

"அம்புட்டுத்தானே?" என்றார் சத்யா டீச்சர். "ஓடலைன்னா அழிச்சிட்டுத் திரும்பப் போட்டாச் சரியாயிடும். எம் போன்ல அப்பிடித்தான் பண்றேன்."

"டீச்சர், கெஞ்சிக் கேக்குறேன். யாரும் எதையும் அழிக்கக் கூடாது. ஆப் படத்துமேல ரொம்ப நேரம் விரலை வச்சாலே அழிக்கவான்னு கேக்கும், அதுகூட வேணாம்."

வராந்தாவில் சந்தனம் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் கலைமதிக்குப் பத்து வயது. கழுத்து நிற்காது, வலது கையில் இரண்டு விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். தினமும் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, பள்ளி விடும்வரை சந்தனம் அங்கேயே இருப்பாள். ஒரு வருடமாக அடுப்படியில் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களைப் பதிவு செய்திருந்தாள். "தண்ணி" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவும். "மாட்டேன்" என்பதை அவள் சொல்லும்போதே சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பும் அதில் இருந்தது. கலைமதி ஒரு நாளில் அதிகம் அமுக்குவது அதைத்தான்.

"என்ன பாப்பா மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? எம் பொண்ணு பேச்சு ஒண்ணும் போயிராதுல்ல?"

"போகாதுக்கா" என்றாள் சுடர்விழி. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

புதுச் சாவி செய்யலாம். அது முடியாத காரியம் இல்லை. ஆனால் அதற்கு ஐபேட் கம்பெனிக்காரன் இணையதளத்தில் பள்ளி அறக்கட்டளையின் கணக்குக்குள் நுழைய வேண்டும். கணக்கு அறக்கட்டளைத் தலைவர் உதயசூரியன் பெயரில் இருந்தது. நெல் வியாபாரி. கடவுச்சொல் அவளிடம் உண்டு. ஆனால் நுழையும்போது ஆறு இலக்க எண் ஒன்று அவருடைய செல்போனுக்குத்தான் போகும். போன வருடம் அவருடைய மண்டியில், மூட்டைமேல் உட்கார்ந்துதான் அதை வாங்கினாள். சீட்டு முடியப்போகிறது என்று எச்சரிக்கைக் கடிதங்களும் அவர் மெயிலுக்கே வந்திருக்கும். நெல் விலை தவிர வேறெதையும் அவர் மெயிலில் பார்ப்பதில்லை.

மண்டியில் அவர் மனைவி ராசாத்திதான் இருந்தார்.

"அவுக பழனிக்கு நடந்து போயிட்டாகளே. தைப்பூசத்துக்கு."

"போன் எடுத்துட்டுப் போயிருக்காங்களா அத்தை?"

"நல்லாக் கேட்ட! மாலை போட்டா மலை ஏறி எறங்குற வரைக்கும் போனைத் தொடமாட்டேன்னு வேண்டுதல். இந்தா, எங்கிட்டதான் கெடக்கு. பூட்டியிருக்கு. நம்பரா இருந்தாலாவது தெரிஞ்சு வச்சிருப்பேன். கோலம் போடுற மாதிரி புள்ளிக்குப் புள்ளி ஏதோ இழுப்பாரு, அது யாருக்குத் தெரியும்?"

கூட நடக்கிற ஒருவருக்குப் போன் போட்டு ராசாத்தி விசாரித்தார்; அந்தப் போனையும் உதயசூரியன் தொடமாட்டாராம். புதன்கிழமை மத்தியானம் கொடும்பாளூரில் சோறு. சுடர்விழி அன்று ராத்திரி நாலு முறை எழுந்து, உதயசூரியனின் போன் பைக்குள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் ஸ்கூட்டியில் மடிக்கணினியும் அந்தப் போனுமாகப் போனாள். அன்னவாசல் தாண்டியதும் சாலை ஓரமெல்லாம் பச்சை வேட்டிகள், காவி வேட்டிகள், காலில் துணி சுற்றியவர்கள். அவர்களுக்கு நடுவில் உதயசூரியனைத் தவற விட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு லாரிக்காரன் ஹாரனை அடித்துத் திட்டினான். மூவர்கோயிலுக்குப் போகும் பாதையில் ஒரு புளியமர நிழலில் உதயசூரியன் கால்களை நீட்டிக் கிடந்தார். உள்ளங்காலில் கொப்புளங்கள்.

"சாமி" என்றாள். மாலை போட்டவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

மூச்சுவிடாமல் சொல்லி முடித்துப் போனை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொடமாட்டேம்மா."

"சாமி, நாளைக்குப் பதினொண்ணே முக்காலுக்குப் பதினாலு பிள்ளைங்களும் ஊமையாயிடும்."

"தொடமாட்டேன்னுதான் வேண்டுனேன். சொல்லமாட்டேன்னு வேண்டலையே." ஒரு குச்சியை எடுத்தார். புழுதியில் ஒன்பது புள்ளி வைத்தார். இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு என்று மெல்ல இழுத்தார்.

பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "உதயசூரியா, இம்புட்டு வருசமா பூட்டி வச்சது இந்தச் சங்கதியைத்தானா? எம் பேத்தி இதைவிட நல்லா இழுப்பா."

"அங்கிட்டுத் திரும்பிப் படுய்யா" என்று சொல்லிவிட்டு, புழுதியில் போட்ட கோட்டைக் கொப்புளக் காலாலேயே அழித்தார்.

பூட்டு திறந்தது. எண் வந்தது. கணக்குக்குள் நுழைந்தவுடன் மஞ்சளாக ஒரு பட்டை. புது ஒப்பந்தம் வந்திருக்கிறது, கணக்குக்குரியவர் சம்மதித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். அவர் பெயரில் தானே அமுக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் எதிரிலேயே இருந்தார். அவளால் முடியவில்லை.

"என்ன போட்டிருக்கு?"

"நாப்பது பக்கம் இங்கிலீசு சாமி."

"கடைசியா என்ன கேக்குறான்?"

"சம்மதமான்னு."

"பொண்ணு பாக்கப் போனப்பவும் அம்புட்டுத்தான் கேட்டாங்க. அதுக்கே யோசிக்கல. அமுக்கு."

புளியமரத்தடியிலேயே புதுச் சாவி செய்தாள். புதுச் சான்றிதழ் வந்தது. அடுத்தது புது அனுமதிச் சீட்டு. பதிவான ஐபேடுகளின் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். குழந்தைகள் பெயர் பெயராக டிக் போட்டாள். செல்போன் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. கிளம்பும்போது உதயசூரியன் "பிள்ளைக பேசினா பழனிக்குச் சொல்லி அனுப்பு" என்றார். கூட நடக்கிறவர் போனுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

அன்று மாலை ஆப் சிவப்பு வரி இல்லாமல் கட்டி முடிந்தது. சாவியை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தாள். இன்னொரு பென்டிரைவிலும்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் ஐபேடுகளைக் கேபிளில் மாட்ட ஆரம்பித்தாள். பழைய ஆப்பின் மேலேயே புதியது உட்கார வேண்டும், குரல்கள் அப்படியே இருக்க வேண்டும். முதல் ஐபேடில் "அம்மா" படத்தை அமுக்கினாள். "ஏ ஆத்தா" என்று ஒரு பெண்குரல் பேசியது. குரல் இருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. இணையம் இழுத்தது. பதினொன்றே காலுக்குப் பதின்மூன்று முடிந்தது. கடைசியாகக் கலைமதியின் ஐபேட்.

இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை என்றது.

கேபிளைப் பிடுங்கி மாட்டினாள். இல்லை என்றது.

"அதை மட்டும் அழிச்சிட்டு..." என்று ஆரம்பித்தார் சத்யா டீச்சர்.

"டீச்சர்!" அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை.

பட்டியலைத் திறந்தாள். டிக் போட்டது பதின்மூன்று. நேற்றுப் புளியமரத்தடியில் பெயர் பெயராகப் பார்த்தாளே தவிர, எத்தனை என்று எண்ணவில்லை. கலைமதி என்று பட்டியலில் யாருமே இல்லை. கீழே 'சந்தனம்' என்று ஒன்று டிக் இல்லாமல் கிடந்தது. போன வருடம் அந்த ஐபேட் முதல் நாளே வீட்டுக்குப் போனதால் அம்மா பெயரில் பதிவாகியிருந்தது. சந்தனத்தின் சொந்தப் போன் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

டிக் போட்டாள். புதுச் சீட்டு எடுத்தாள். மறுபடி கட்ட ஆரம்பித்தாள். நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. திரை மூலையில் மணி பதினொன்று நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.

கலைமதி விரலால் தன் ஆப்பைத் தொட்டாள். ஒரு மின்னல், மூடிக்கொண்டது. மறுபடி தொட்டாள். மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை தொட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி வேணும்? தண்ணியா?"

தலை இல்லை என்று ஆடியது.

"ஒண்ணுக்கு வருதா? பசிக்குதா? வெயிலடிக்குதா?" சந்தனம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை. டீச்சர்கள் வந்து குனிந்தார்கள், மற்ற தாய்மார்கள் வந்தார்கள், ஆளுக்கொன்று கேட்டார்கள். கலைமதியின் முகம் சிவந்து, கண்ணோரம் தண்ணீர் முட்டியது. "முன்னெல்லாம் எனக்கே தெரியும், மொகத்தைப் பாத்தே சொல்லுவேன்" என்றாள் சந்தனம் யாரிடமோ. "இப்ப மறந்து போச்சு."

சுடர்விழி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

பன்னிரண்டு எட்டுக்குக் கோடு முடிந்தது. கேபிளை மாட்டினாள். இம்முறை இல்லை என்று சொல்லவில்லை. ஐபேடைக் கலைமதியின் மடியில் வைத்தாள். கலைமதி தொட்டாள். திறந்தது. திறந்தபடியே இருந்தது. இரண்டு விரலும் திரையில் இரண்டு பக்கங்களைத் தள்ளிவிட்டு ஒரு படத்தைத் தேடி அமுக்கின.

சந்தனத்தின் குரல் அடுப்படி சத்தத்தோடு வந்தது: "எல்லாரும் என்னையவே பாக்காதீங்க."

யாரும் அசையவில்லை. கலைமதி இன்னொரு முறை அமுக்கினாள்.

"கேட்டீங்கல்ல, திரும்புங்க" என்று சந்தனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். டீச்சர்களும் தாய்மார்களும் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். சுடர்விழியும் திரும்பினாள். அவள் முகத்துக்கு நேரே தினசரிக் காலண்டர் தொங்கியது. புதுச் சீட்டும் ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த ஜனவரி இந்தக் காலண்டரில் இல்லை. டிசம்பரோடு கிழிந்து தீர்ந்துவிடும்.

டீச்சரின் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். காலண்டரை ஒதுக்கிவிட்டு, அடுத்த காலண்டரும் தொங்கப்போகிற அந்த ஆணிக்குக் கீழே, சுண்ணாம்புச் சுவரில் புதுச் சீட்டு முடியும் தேதியை எழுதினாள். சரிதானா என்று ஒருமுறை பார்த்தாள். அதன் கீழே ஒரு மாதம் முந்திய தேதியையும் எழுதினாள். பின்னால் சிரிப்போடு "மாட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது. எதற்கென்று திரும்பிப் பார்க்க இன்னும் அனுமதி வரவில்லை. எழுதியதை இன்னொரு முறை பார்த்தாள்.