பெட்டி இல்லாமல் வந்த பிராசஸர்

பிரேம்சிங் அண்ணாச்சியைக் கலைஞர் என்று சங்கரன்கோவிலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாங்கள் ஐந்து ஸ்டுடியோக்காரர்கள் அவரிடம் கல்யாண வீடியோக்களைக் கொடுத்து எடிட் செய்து வாங்குகிறோம். "எப்ப கிடைக்கும் அண்ணாச்சி?" என்று கேட்பதோடு எங்கள் கலை ஆர்வம் முடிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்கள் தாலி கட்டுவதையே பார்த்துக் கொண்டிருந்ததில், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட அவருக்குச் சலிப்பு.

அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு ஆசை. கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற கேம். ஐம்பதை நெருங்குகிற மனிதர், ஸ்கூட்டரைத் தவிர வேறு வண்டி தொட்டதில்லை, பனி கொட்டும் தேசங்களில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுவார். ஆனால் அவருடைய பழைய நாலு கோர் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்தை ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றினால், ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை அதில் வேறு எதையும் தொட முடியாது. முழு வேகத்தில் இரைகிற மின்விசிறியைக் கேட்டபடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லாரி எட்டு மாதமாக ஷெட்டில் நின்றது.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை மட்டும் புதிதாகப் போடலாம் என்று முடிவு செய்தவர், எதைப் போடுவது என்று நாலு மாதம் திண்டாடினார். கேமுக்கு எட்டு கோர்தான் ராஜா என்றது ஒரு வீடியோ. எடிட்டிங்குக்குப் பன்னிரண்டு கோர் இல்லாவிட்டால் வீண் என்றது இன்னொன்று. அவர் மனைவி ஹெப்சி, லாரிக்கா வேலைக்கா என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்ல அண்ணாச்சிக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் பன்னிரண்டு கோர். ஒரு பக்கம் ரெண்டர் ஓடும், மறுபக்கம் லாரியும் கொஞ்சம் நிதானமாக ஓடும்.

"எனக்குன்னு ஒரு ரெண்டு மணி நேரம் கிடைக்கும்லா தம்பி" என்றார் என்னிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தின்பவர்களில் நானும் ஒருவன்.

அவருடைய கம்ப்யூட்டர் போர்டில் பொருந்தக்கூடிய அந்த மாடல் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவரோடு பள்ளியில் படித்த கடையநல்லூர் முகம்மது ஹுசைன் துபாயில் இருக்கிறார். லீவில் வரும்போது வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டார்.

வந்த மூன்றாம் நாளே ஹுசைன் பிராசஸரோடு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"பெட்டியோட கொண்டாந்தா புதுச் சாமான்னு ஏர்போர்ட்ல பிடிச்சுக்கிடுவான். பெட்டி, பிளாஸ்டிக்கு எல்லாத்தையும் அங்கனயே போட்டுட்டேன் வே. சாக்ஸுல சுத்தி சட்டைப் பைக்குள்ளயே வச்சிருந்தேன்" என்றார் பெருமையாக.

அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போனையும் வாட்சையும் கல்ஃப்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் போனுக்கு அடியில் ஊசி ஊசியாக ஆயிரத்துச் சொச்சம் பின்கள் கிடையாது. சாக்ஸைப் பிரித்தபோது ஒரு ஓரத்து வரிசை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. அண்ணாச்சி பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகம் ஒரு நொடிதான் மாறியது. போர்டுக்கு முதலில் ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டும், நாளைக்கு மாட்டிவிடுகிறேன் என்று சொல்லி, ஹுசைனுக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

இரண்டு நாள் லென்ஸை வைத்துக்கொண்டு தையல் ஊசியால் ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினார். நான் டார்ச் பிடித்தேன். கடைசி மூலையில் இருந்த பின் ஒடிந்து ஊசியோடு வந்துவிட்டது. இருந்தாலும் மாட்டிப் பார்த்தார். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. நாலைந்து தடவை பார்த்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டி நான் கொடுத்திருந்த கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டார். திட்டவாவது செய்திருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து, துபாய்க்குத் திரும்புகிற முந்தின நாள் ஹுசைன் கூப்பிட்டார். அண்ணாச்சி வேலைக்கு நடுவே போனை ஸ்பீக்கரில் போட்டார். பிராசஸர் எப்படி ஓடுகிறது என்று கேட்டதும், பறக்குது வே என்றார் கொஞ்சமும் கூசாமல். ஹுசைனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் அக்கா மகள் ஆபிதா பானு டிசைன் படிக்கிறாள், அவளும் ஒன்று கேட்கிறாள் என்றார்.

"அவளுக்கும் அடுத்த லீவுக்கு இதே மாதிரி கொண்டாந்துருதேன். ஒருத்தன் கண்ணுலயும் படாது."

அண்ணாச்சியின் கை மவுஸில் அப்படியே நின்றது. பேசாமல் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

"அந்தப் புள்ளைக்கு வாங்குறதப் பெட்டியோட கொண்டாரும் வே. வரி கேட்டா கட்டிரும்."

ஹுசைன் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஒம்மது?"

"ஓடல வே."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்கள்.