செம்புக்கு வைத்த பொட்டு

முதலாளி இருந்தார். முதலாளியம்மா இருந்தார். கம்ப்யூட்டர் சார் இருந்தார், படம் போடுகிறவர். லேத்துக்காரன் இருந்தான், திருவாண்டார்கோயில் ஆள். கேட்டை விட்டுவிட்டு வாட்ச்மேனும் வந்திருந்தார். எல்லோருக்கும் பின்னால், துடைப்பம் சாத்தி வைக்கிற மூலையில் நான். தாலி அறுத்தவள் பூஜைக்கு முன்னால் நிற்கக் கூடாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆயுத பூஜை. சேதராப்பட்டில் ஒரு ஷெட். நான் வில்லியனூரில் பஸ் ஏறிப் போவேன். கூட்டுவேன், லேத்தில் கடைந்து வருகிற சாமான்களைக் கழுவித் துடைப்பேன். ஐந்தாவது வரை படித்தவள். அந்த ஷெட்டில் நடந்ததைப் புரிந்துகொள்ள அது போதும்.

மேஜை மேல் வாழை இலை. இலை மேல் செம்பு வட்டுகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், நடுவில் ஒரு ஓட்டை. வடக்கே ஏதோ ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகிற சாமான். வட்டுகளை அடுக்கினால் ஓட்டைகள் சேர்ந்து ஒரு குழாய் ஆகும். அந்தக் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் கும்பலாக ஓட விடுவார்களாம். சுவரில் இடிக்காமல் நேராகப் போக வேண்டுமாம். கம்ப்யூட்டர் சார் முதலாளிக்கு இதை விளக்கியபோது நான் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரியாதபோது அவர் அதிகம் ஆட்டுவார்.

நிஜத் துகளை எடுத்த எடுப்பில் ஓட்டமாட்டார்கள். முதலில் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு வட்டின் உருவம் வேண்டும். படத்தில் போட்ட உருவம் இல்லை, லேத்திலிருந்து எப்படி வந்ததோ அந்த உருவம். அதனால் சார் ஒவ்வொரு வட்டையும் ஸ்கேன் எடுப்பார். பிறகு போல்ட் ஓட்டை, மரை, வெளி விளிம்பு எல்லாவற்றையும் திரையில் அழிப்பார். நடுவில் இருக்கிற காலி இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதை அவர்கள் கம்ப்யூட்டர் தின்கிற மாதிரி மாற்றி அனுப்புவார். செம்பு அவர்களுக்கு வேண்டாம். செம்பு இல்லாத இடம்தான் வேண்டும். அதற்குத்தான் மாதக் கணக்கில் செம்பைக் கடைந்தோம்.

அந்தச் செம்பை வெறும் கையால் தொடக் கூடாது. ரேகை பட்டால் கறுக்கும். எனக்கும் லேத்துக்காரனுக்கும் கையுறை கொடுத்திருந்தார்கள். மறந்து தொட்டால் முதலாளி தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவார். பூஜை அன்று முதலாளியம்மா கிண்ணத்தில் விரலை விட்டார். வெறும் விரல். கெட்டிச் சந்தனம்.

"எங்கங்க வெக்கிறது?"

"ஓட்ட கிட்ட வையி. அதான் மூஞ்சி மாதிரி இருக்குது," என்றார் முதலாளி.

எந்தப் பக்கம் மேல் என்று காட்ட வட்டில் ஒரு சின்னக் கோடு உண்டு. நெற்றி மேலேதானே இருக்கும். கோட்டுக்கு நேர் கீழே, ஓட்டையின் உதட்டில், எல்லா வட்டுக்கும் ஒரே இடத்தில் பொட்டு வைத்தார். மேலே குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். கம்ப்யூட்டர் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஸ்கேன் எடுக்கிற நாள். நான் துணியை எடுத்தேன். மீதிப் பொரி கொடுக்க வந்த முதலாளியம்மா பார்த்துவிட்டார்.

"ஏய், பொட்ட தொடச்சிடாத. சாமிக்கு வெச்சது. நீ போயி அதுல கை வெக்காத."

'நீ' என்ற இடத்தில் அழுத்தினார்.

"சார், இது இருந்தா படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"இத்துனூண்டு புள்ளி இன்னா பண்ணப்போவுது? வுடும்மா. அம்மா நிக்கிறாங்க இல்ல?"

பொட்டை விட்டுச் சுற்றிலும் துடைத்தேன். செம்பு பளபளத்தால் ஸ்கேனருக்குக் கண் கூசுமாம். சார் வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடித்தார். செம்பும் சந்தனமும் ஒரே வெள்ளை. குங்குமம் மறைந்தது. மேடு மறையவில்லை. அவர் கம்ப்யூட்டர் செம்பில் இருந்த போல்ட் ஓட்டைகளை அடைத்தது. செம்பில் இல்லாத மேட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டது.

அந்த உருவத்தை மட்டும் அனுப்பினார்கள்; வட்டுகள் ஷெட்டில்தான். அடுத்த வாரம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு தமிழ் ஆள். கம்ப்யூட்டருக்குள் ஓட்டியதில் துகள் நேராகப் போகவில்லை என்றார். ஒவ்வொரு வட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் ஒதுங்கி, கடைசி வட்டுக்குள் போவதற்குள் சுவரில் இடிக்கிறதாம்.

"எல்லா பீஸ்லயும் ஒரே எடத்துல மேடு இருக்கு சார். உங்க லேத் செட்டிங்தான் தப்பு."

நேரில் வந்து ஒரு வட்டைத் தொட்டுப் பார்த்திருந்தால் அவர் விரலில் சந்தனம் ஒட்டியிருக்கும். வரமாட்டார்கள். அவர்களுக்குப் போன் இருக்கிறது.

முதலாளி லேத்துக்காரன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க? தூங்கிக்கினே கடைஞ்சியா? நாளையிலேர்ந்து வராத."

அவன் கையுறையைக் கழற்றினான். அவன் வீட்டில் பொண்டாட்டி, பிள்ளைகள், படுத்த படுக்கையாக அப்பன். அவன் சம்பளம் ஒன்றுதான்.

நான் சொன்னேன். "மொதலாளி, அது பொட்டுங்க. அதான் மேடு."

"இன்னா?"

"அம்மா வெச்ச பொட்டு."

"சாமி பொட்டு கெடுதல் பண்ணுமா? வாய கழுவு. அப்பிடியே போயி கக்கூஸ கழுவு."

கம்ப்யூட்டர் சார் திரையில் வட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். பூஜை அன்று அங்கே நின்றிருந்தால் போதும். அவர் நின்றிருந்தார்.

லேத்துக்காரன் வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"நீயும் பாத்தயில்ல? சொன்னா இன்னா?" என்றேன்.

"தெரியும்க்கா. சொன்னா சாமி குத்தம் ஆயிடும். புள்ளைங்க இருக்குது."

"புள்ளைங்களுக்கு நாளைக்கு யாரு சோறு போடுவா?"

"சாமி வுடாதுக்கா."

"அப்ப தட்ட எடுத்துக்கினு கோயிலுக்கே போயி குந்து."

"யக்கா, உனக்கு வாயாக்கா அது," என்று சிரித்தான். வேலை போனவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போனேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். கையுறை போட்டேன். வட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து துணியை நனைத்தேன். சாப்பாட்டுக் கூடையோடு வந்த முதலாளியம்மா கூவினார்.

"ஏய்! சொன்னேன் இல்ல? பொட்ட அழிக்கக் கூடாதுடி. பாவம்."

"எனக்கு அழிச்சாங்களேம்மா. அப்ப யாருக்கும் பாவம் வரல."

அவர் கூடையைக் கீழே வைத்தார். காரியத்தன்று என் நெற்றியைச் சொந்தக்காரி ஒருத்தி கட்டைவிரலால் துடைத்தாள். ஒரே இழுப்பு. அதே மாதிரித் துடைத்தேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. இரண்டாம் தரம் இழுத்ததில் போனது.

கம்ப்யூட்டர் சார் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஸ்கேன் எடுத்தார். மறுபடி அழித்தார், மாற்றினார், அனுப்பினார். அதுவரை லேத்துக்காரன் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றான். தினமும் காலையில் வந்து நின்றான். பிறகு போன் வந்தது.

"இப்ப நேரா போவுது சார். இன்னா பண்ணீங்க?"

"சாஃப்ட்வேர்ல சின்ன ப்ராப்ளம். சரி பண்ணிட்டோம்," என்றார் முதலாளி.

கேட் பக்கம் பார்த்து, "டேய், இன்னா வேடிக்க? போயி மிஷின போடு," என்றார். அவன் ஓடி வந்தான். அவரைக் கும்பிட்டான். எனக்கு மாலையில் ஒரு மெதுவடை வாங்கிக் கொடுத்தான். ஆறிப்போன வடை.

இனிமேல் பொட்டு வைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வருஷப் பூஜைக்கும் புது வட்டுகள் இருந்தன. அதே கெட்டிச் சந்தனம், ஓட்டையின் உதட்டிலேயே. வெளி விளிம்பில் வைக்கலாமே என்று சார் மெல்லக் கேட்டார். வைத்த இடத்தை மாற்றக் கூடாது என்றார் முதலாளியம்மா. சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். குரலில் மரியாதை.

"யம்மா, நீ தொடச்சிடு. மத்தவங்க தொடச்சா பாவம். உனக்கு ஒண்ணும் இல்ல."

இப்போது அது என் வேலை. வேறு யாரும் தொடமாட்டார்கள். நான் துடைக்கிற நேரம் முதலாளியம்மா கோயிலுக்குப் போய்விடுவார். ஒரு பொட்டு தங்கினாலும் மறுபடி போன் வரும் என்று சாருக்குப் பயம். கதவருகில் நின்று, "எத்தினிம்மா ஆச்சு?" என்பார். எண்ணிச் சொல்ல வேண்டும்.

போன பூஜைக்குப் பத்தொன்பது பொட்டு.