சீரியலில் புருஷன் மாறிய வாரம்

கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் காலை பாசஞ்சர் வந்து நிற்கும்போது ஒரு வாசனை வரும். கருவாட்டுக் கூடை, மல்லிகைப்பூ, யாரோ அவசரத்தில் சரியாக மூடாத எலுமிச்சை சாத டப்பா... மூன்றும் கலந்தது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும்.

முதல் வேலை. சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிப்பது. பெண்கள் பெட்டியில் தினமும் போகிற கூட்டத்துக்கு வசந்தா அக்காதான் தலைவி. பத்திரப்பதிவு ஆபீசில் கிளார்க். ஆலப்பாக்கத்தில் ஏறும் மெர்சி அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, முந்தின நாள் சீரியலைப் பிரித்து மேய்வார்கள்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே போவேன். மூன்று மாதம்... ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படி ஒரு கூச்சம். சென்டரிலும் அதே கதைதான். வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியே விட்டேன். "இந்த மாசம் மட்டும் போ" என்று அம்மா கெஞ்சியதால் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது மின்வெட்டு பாடாய்ப் படுத்திய நேரம். ஒரு தெருவில் கரண்ட் இருந்தால் அடுத்த தெருவில் இருக்காது. ஆளுக்கொரு துண்டு சீரியல் பார்த்துவிட்டு வந்து, ரயிலில்தான் கதையை ஒட்டுவார்கள்.

ஒரு நாள் மெர்சி அக்கா ஏறும்போதே மூச்சு வாங்கினார்.

"யக்கா, நேத்து கரண்ட் வந்ததும் டிவியப் போட்டா... அவ வூட்டுல வேற எவனோ ஒக்காந்து காபி குடிக்கிறான்! அவ புருஷன் ஒசரமா, சுருட்ட முடியா இருப்பான்ல? இவன் குள்ளமா, வழுக்கையா... அவனப் போயி 'என்னங்க'ன்னு கூப்புடறா! மாமியாக்காரியும் ஒண்ணும் கேக்கல!"

எனக்கு விஷயம் தெரியும். எங்கள் தெருவில் அன்று கரண்ட் இருந்தது. பழைய நடிகர் விலகிவிட்டார். புது ஆள் வருகிற முதல் காட்சியை அப்படியே நிறுத்தி, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு தடவைதான் போட்டார்கள். அதைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு மண்ணும் புரியாது.

"ஆக்சிடென்ட் ஆயி மூஞ்சில ஆப்ரேஷன் பண்ணியிருப்பாங்களோ?" என்றார் மெர்சி அக்கா. "ஆனா ஒசரத்த எப்புடிக்கா கொறைக்க முடியும்?"

வசந்தா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தேன். உண்மையைச் சொன்னால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் நான் மறுபடி கதவோரம்தான்...

"ட்வின்ஸா இருக்கலாம்க்கா" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். "ரெட்டைன்னா ஒரே மாரில்ல இருக்கணும்?" என்றார் மெர்சி அக்கா.

"எல்லாரும் அப்பிடி இருக்க மாட்டாங்கக்கா. எங்க சென்டருக்கு வர்றவங்கள பாக்கறேன்ல..."

வசந்தா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இங்க வந்து ஒக்காருடி" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் இருக்கிறதே... அப்படிச் சிரித்ததே இல்லை. "ரெட்டையாவது ஒண்ணாவது! இது ஆள்மாறாட்டம். எங்க ஆபீசுல டெய்லி பாக்கறேன். சொத்துக்குத்தான் வந்திருக்கான்" என்று வசந்தா அக்கா அடித்துச் சொல்வார். பழையவன் வலது கையால் குடித்தான், இவன் இடது கையால் குடிக்கிறான் என்று மெர்சி அக்கா சாட்சி கொண்டுவருவார். புதுச்சத்திரத்தில் ஏறுகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, "அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சிதா?" என்று கேட்பார்கள். பேசிப் பழகிய வாய் சென்டரிலும் சும்மா இருக்கவில்லை. வேலையை விடும் பேச்சே மறந்துபோனது.

ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. மெர்சி அக்கா தினமும் தன் டிபனில் இரண்டு இட்லியை எனக்குக் கொடுத்துவிடுவார். நம்மை நம்பி இட்லி கொடுக்கிறவரை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். ஒரு நாள் பரங்கிப்பேட்டை தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஓடும்போது உண்மையையெல்லாம் கொட்டிவிட்டேன். இனிமேல் முகத்தில் முழிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு.

"எனக்கு நாலாம் நாளே தெரியும்டி. வார்டுல ஒரு பேஷண்ட் சொல்லிட்டாங்க" என்றார் மெர்சி அக்கா.

"எங்க வூட்டுல அன்னிக்கி கரண்ட் இருந்திச்சி. எழுத்துப் போட்டத நானும்தான் பாத்தேன்" என்றார் வசந்தா அக்கா.

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"மூணு மாசமா கதவாண்டயே நிக்கிற. அன்னிக்கித்தான் வாயத் தொறந்த. நான் சொல்லிட்டா நீ திரும்ப அங்கியே போயிருப்ப. அதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அழுதேன்.

இப்போது ஒரு படம் புரியவில்லை என்றால் பாதியில் நிறுத்திப் போனில் தேடுகிறோம். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் முடிவு வரைக்கும் விளக்கிவிடுகிறார். வசதிதான், நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் தப்புத் தப்பாக யோசித்து, அதற்காகச் சண்டை போட்டு, வயிறு வலிக்கச் சிரித்த அந்தச் சந்தோஷம் எந்த விளக்கத்திலும் வருவதில்லை.

இன்றும் அதே சென்டரில்தான் இருக்கிறேன். போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஒரு மூலை, காதில் இயர்போன், கையிலிருந்த போனில் ஒரு வெப் சீரிஸ். எட்டிப் பார்த்தேன், கடைசி எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் முழுதும் பார்த்து, விளக்க வீடியோவும் பார்த்து முடித்த சீரிஸ்.

"ஏம்மா, இதுல கடைசியில அவன் செத்துட்டானா, இல்லியா? எனக்கு ஒண்ணுமே புரியல."

இயர்போனைக் கழற்றினாள். டிபன் பாக்ஸை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் விளக்கினாள். சொன்னது அத்தனையும் தப்பு.

"அய்யய்யோ, அப்பிடியா!" என்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.