வாடையில்லாத தூசி

ராக்காயிக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டியிருந்தது. மகள் பாப்பாவுக்கு வந்த நோய், தான் பாத்தியில் ஊற்றிய தண்ணீரால் வந்ததா?

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவள் பதினான்கு வருடம் புல்லுக்கு மருந்து அடித்தவள். முதுகில் பம்பைச் சுமந்து ரப்பர் நிரைகளுக்கிடையே நடக்கும் வேலை. மருந்தடிக்கும் பெண்களுக்கென்று ஒரு முறை இருந்தது. வேலை முடிந்து வந்ததும் துணியை முகர்ந்து பார்ப்பார்கள். மருந்து வாடை அடித்தால் மூன்று தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தூரத்தில் கொட்டுவார்கள். வாடை இல்லையென்றால் ஒரு தண்ணீர் போதும்; அது கீரைக்குப் போகும்.

1979இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அவளும் கணவன் சன்னாசியும் சிம்பாங் பூலாய்க்கு அப்பால் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். அடுத்த வருடம் பாப்பா பிறந்தாள். இருபது வீட்டுக்கும் தெருமுனையில் ஒரே குழாய். இடுப்பில் சுமந்து வந்த தண்ணீரை யாரும் சும்மா கொட்ட மாட்டார்கள்.

1982இல் சன்னாசிக்கு ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலிலிருந்து வேறு தாதுக்களைப் பிரிக்கும் ஆலை. கடைசியில் மிஞ்சும் கழிவை அள்ளிப் பின்பக்கம் கொட்டுவது அவன் வேலை. முதல் நாளே சட்டை முழுக்கச் சாம்பல் நிறத் தூசியோடு வந்தான்.

"என்னா மருந்து இது?"

"மருந்து இல்ல, மண்ணுலா. வேல வாங்குற மண்டோர் சொன்னாரு."

ராக்காயி முகர்ந்தாள். விரலில் வைத்துத் தேய்த்தாள். "வாடையும் இல்ல, எரியவும் இல்ல. ஒன் வேர்வதான் நாறுது."

"அப்ப என்னைய மூணு தண்ணில அலசு."

"ஒனக்கு முப்பது தண்ணி வேணும். போய்க் குளி!"

சட்டையை ஒரே தண்ணீரில் துவைத்து, தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றினாள். மூன்று வருடம், வாரத்துக்கு ஆறு நாள். பாப்பா அந்தப் பாத்தி மண்ணில்தான் சோறாக்கி விளையாடினாள்.

1985இல் பாப்பாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. பிறகு ஈறில் ரத்தம் கசிந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்று என்றார்கள்.

அதே சமயம் ஆலைக் கழிவில் கதிர்வீச்சு இருப்பதாக ஊரில் பேச்சு எழுந்தது. அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டதால் பஞ்சலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து அறிவியல் ஆசிரியர் ஈப்போவிலிருந்து அதை அளக்கும் ஒரு கருவியோடு வந்தார். சாலையில் அது எப்போதாவது ஒருமுறை 'டிக்' என்றது. ராக்காயியின் துவைக்கிற கல்லருகே வேகம் பிடித்தது. கீரைப் பாத்தியில் மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல் இடைவிடாமல் அடித்தது.

"வாடையே இல்லையே சார்."

"இதுக்கு வாடை இருக்காது அம்மா. கதிர் எண்டது விளக்கு வெளிச்சம் மாதிரி, தள்ளிப் போனால் குறையும். ஆனால் இந்தத் தூசி விளக்கேதான். அதைத்தான் உங்கட வீட்டுக்காரர் சட்டையில ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். காய்ஞ்சால் காத்தில பறக்கும், மழை பெய்தால் சேத்தோட ஓடும். துவைச்சால் அழியாது, இடம்தான் மாறும்."

ராக்காயி பாத்தியைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நான் ஊத்துன தண்ணியாலயா சார்?"

அவர் கருவியை நிறுத்தினார். "அப்படிச் சொல்ல ஏலாது. இல்லையெண்டும் சொல்ல ஏலாது."

டாக்டரிடமும் கேட்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே இந்த நோய் வருகிறது, ஒரு பிள்ளையைப் பார்த்து எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை அவளைக் குற்றவாளி என்றும் சொல்லவில்லை, விடுவிக்கவும் இல்லை.

1986 மார்ச்சில் பாப்பா இறந்தாள். சன்னாசி அதற்குப் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. மற்ற வீட்டு ஆண்கள் ஏழு பேர் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ராக்காயி அந்த ஏழு வீட்டுக்கும் கிளம்பினாள். மூன்றாவது, வீரம்மாவின் வீடு. குழாயடியில் இருவருக்கும் பழைய சண்டை உண்டு. வீரம்மா புருசனின் ஆலைச் சட்டையை வாளியில் ஊறப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத இங்க தொவைக்காத. ஆலையிலயே கழட்டி வச்சுட்டு வரச் சொல்லு. மோந்து பாத்து ஏமாந்துறாத."

"பெரிய டாக்டரு வந்துட்டா! இவ்வளவு தெரிஞ்சவ ஒம் பிள்ளையப் பாத்திருக்கலாமே?"

சொன்னதும் வீரம்மாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராக்காயி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல அக்கா. இப்பவும் தெரியல. அதான் வந்தேன்."

வீரம்மா கையை வாளியிலிருந்து எடுத்தாள். ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான்காவது வீட்டுக்கு நடந்தாள்.