சோப்புப் போட்ட குட்டி

அன்று எங்கள் வாழவந்தி மலைக்கிராமத்து வீட்டுக் கொட்டகையில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், எங்களுக்கு ஆட்டைக் கடனுக்குக் கொடுத்த மஞ்சக்குட்டை ஊர் மேரியக்கா, மூன்று பேர்தான்.

விடியற்காலையில் ஆடு குட்டி போட்டிருந்தது. நாங்கள் பார்த்த முதல் குட்டி. மத்தியானம் ஆகியும் தாய் அதைப் பால் குடிக்க விடவில்லை; கிட்டே போனாலே முட்டித் தள்ளியது. குட்டிக்குத் தலை தொங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஜீப் பிடித்துப் போய் அக்காவை அழைத்து வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏனுங்கக்கா, கெட்ட ஆட்டை எங்க தலையில கட்டிட்டீங்களே!" என்று கத்தினேன்.

அக்கா குட்டியைத் தூக்கி முகர்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

பனியில் ஈரத்தோடு கிடந்தால் செத்துவிடுமோ என்று பயந்து, யாரும் பார்க்காதபோது வெந்நீரில் சோப்புப் போட்டு அதைக் குளிப்பாட்டியவள் நான்தான். தாய் அறிய வேண்டிய வாசம் அதோடு போய்விட்டது.

"மொதல் ஈத்துங்க தம்பி, ஆட்டுக்கு இன்னும் வெவரம் பத்தல. ஒரு கை உப்பு கொண்டாங்க" என்று அக்கா அவரை அனுப்பிவிட்டு, என் காதோரம், "இனிமே குளிப்பாட்டாத கண்ணு" என்றார்.

தாயின் பாலையே பீய்ச்சிக் குட்டிமேல் பூசி, உப்பைத் தூவினார். ஆடு முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் குட்டி காம்பைப் பிடித்துவிட்டது.

கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. ஆட்டுக் கடனைப் பத்துப் பத்தாகக் கொடுத்து வந்தேன். அது தீருவதற்குள் அக்கா தன் மகளோடு இருக்க ஊரைவிட்டுப் போய்விட்டார். இன்னும் முப்பது ரூபாய் பாக்கி.