கழுத்துக்கு ஒரு கோடு

நான் வரையும் உருவப்படங்களில் கண், மூக்கு, வாய் இருக்காது. நாலைந்து கோடுகள், ஒரே நிறம், அவ்வளவுதான். கோட்டாற்றில் என் அறைக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர் பார்க்கும்போதெல்லாம், “மிச்சத்த எப்பம் வரைவீரு?” என்று கேட்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நிற்பதிலும் உட்காருவதிலும்தான் ஆள் இருக்கிறான் என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பது?

போன மழைக்காலம் முடிந்த சமயம், இனயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கடலுக்குப் போன அவள் கணவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது; உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத அந்த வீட்டுக்குப் படம்தான் எல்லாம். அதையும் ஸ்டுடியோக்காரர் கெடுத்து வைத்திருந்தார். வளைகுடா வேலைக்காக முன்பு எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி, முகத்தை வெளுப்பாக்கி, கோட்டு வேறு மாட்டிவிட்டிருந்தார்.

“மாமி ஏறிட்டுப் பாக்க மாட்டேங்காவ சாரே. இது எனக்க மவன் இல்லன்னு சுவரப் பாக்கத் திருப்பி வச்சிட்டாவ. அழவும் இல்ல, பேசவும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு.”

முகத்தோடு ஒரு படம் வரைந்து கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். ஆனால் எந்த முகத்தைப் பார்த்து வரைவது? அந்தப் போட்டோவில் ஆளே இல்லை.

“தூரத்துல வள்ளம் வரும்போ, அதுல நிக்கது அவருதான்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?” என்று கேட்டேன்.

அவள் எழுந்தாள். காலை அகட்டி, கழுத்தை வலது தோள் பக்கம் லேசாகச் சாய்த்து நின்றாள். “இப்பிடித்தான் நிப்பாவ. வெயிலுக்கு எதுக்க மொகம் எங்க தெரிய?”

போட்டோவில் கழுத்து நேராக இருந்தது. தலையை நேராக வை என்று சொல்லாத ஸ்டுடியோ எங்கே இருக்கிறது?

காகிதம் காகிதமாகக் கிழித்தேன். கழுத்துக் கோடு கொஞ்சம் கூடினால் ஆள் ஏதோ யோசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. குறைந்தால் யாரோ ஒருவன். ஒருவழியாக அமைந்ததும் நானே படத்தை இனயத்துக்குக் கொண்டுபோனேன்.

அவனுடைய அம்மா கட்டிலில் இருந்தார். மருமகள் படத்தைச் சுவரோரமாக ஒரு மேசைமேல் வைத்தாள். கண்ணும் மூக்கும் எங்கே என்று கேட்டால் சொல்வதற்குப் பதிலும் கைவசம் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து படத்துக்கு நேரே வந்தவர், சற்று நகர்ந்து ஒரு பக்கமாகப் போய் நின்றார்.

மருமகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “எனக்க வீட்டுக்காரருக்கு வலது காது கேக்காது சாரே. எஞ்சின் சத்தத்துல போச்சு. மாமி எப்பவும் இடது பக்கம் நிண்ணுதான் பேசுவாவ.”

காது என்று எதையும் நான் வரைந்திருக்கவில்லை. அந்த இடத்தில் வாயை வைத்து, அம்மா உரத்த குரலில் சொன்னார்:

“மக்கா, வள்ளத்த வித்தாச்சு. ஏசாத.”

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். என்னாலும் தாங்க முடியவில்லை.