கேஸ் வண்டிக்கு மல்லிகை வாசனை

நான்கு வயது முடிந்த ஒரு குழந்தையைக் கேஸ் காரில் எங்கே உட்கார வைப்பது? முன்சீட்டில் வைக்கவே கூடாது என்கிறார் குழந்தை மருத்துவர். பின்சீட்டில் வைத்தால் அவள் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் பஞ்சும் ஒரு தகரமும் தாண்டி, டிக்கிக்குள் எல்பிஜி டேங்க் படுத்திருக்கிறது. நான் பின்சீட்டில்தான் வைக்கிறேன். வைத்துவிட்டு வழியெல்லாம் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். சாலையைப் பார்க்காமல் ஓட்டுவது எந்த வகைப் பாதுகாப்பு என்று என்னைக் கேட்க வேண்டாம். அதையும் நானே கேட்டுக்கொண்டாயிற்று.

கார் என் கணவருடைய கண்டுபிடிப்பு. பழைய வண்டி, முந்தைய சொந்தக்காரரே கேஸுக்கு மாற்றி வைத்திருந்தார். வாங்கி வந்த அன்று என் கணவர் தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு டிக்கியைத் திறந்து டேங்கைக் காட்டினார். பிறகு அவர் எப்போதும்போல் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினார். கார் என்னிடம் வந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீடு, திருக்கழுக்குன்றத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளி. மகளும் அதே பள்ளியில் யுகேஜி. ஆக, கேஸ் வண்டியின் பெருமையை அவர் பேசுவார், வண்டியை நான் ஓட்டுவேன். எங்கள் வீட்டின் வேலைப் பங்கீடு இது.

காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் சுவிட்சை அழுத்தி கேஸுக்கு மாற்ற வேண்டும். வண்டி ஒருமுறை விக்கல் எடுப்பதுபோல் குலுங்கிவிட்டு ஓடும். "கேஸ் வண்டிக்கு எதுக்கு பெட்ரோல்?" என்பது என் கணவரின் கொள்கை. பெட்ரோல் முள் அடியில் கிடக்க ஓட்டி, வண்டிக்குள் பெட்ரோல் ஏற்றும் பம்ப் கருகி, செங்கல்பட்டு மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒருநாள் வண்டி நின்றது. பின்னால் நின்ற லாரியின் ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது. கொள்கைக்காரர் அப்போது ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கேஸ் நிரப்பும் பங்க்கில் ஆட்டோக்களின் வரிசையில்தான் நிற்க வேண்டும். "பயணிகள் இறங்கி நிற்கவும்" என்று பெரிய பலகை இருக்கிறது. அதை மதிக்கும் ஒரே ஆள் நான். தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் போய் நிற்பேன். எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரர் ஒருநாள் சிரித்தார்.

"இன்னாக்கா, பாப்பாவ எறக்கி வெயில்ல காயவெச்சிகினு கீற? நான் பொண்டாட்டி புள்ள எல்லாரையும் உள்ள குந்தவெச்சிகினேதான் புடிப்பேன். ஒண்ணியும் ஆவாது."

"போர்டுல போட்டிருக்கே."

"போர்டுல ஆயிரம் போடுவான்க்கா. பீடி புடிக்காதேன்னும்தான் போட்டுக்கீறான்."

அவர் காதில் ஒரு பீடி செருகியிருந்தது. நான் இன்னும் நான்கடி தள்ளிப் போய் நின்றேன். வரிசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பீடியை யாரும் பார்க்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒரே ஒரு சிக்கல், என் மூக்கு. கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. பால் தீய்ந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. சில நாட்களில் ஒன்றுமே தெரியாது, சில நாட்களில் இல்லாத நாற்றம் தெரியும். அதாவது, கேஸ் வண்டி ஓட்டக்கூடாத மூக்கு என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது.

ஒருநாள் காலை ஏரிக்கரையைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்.

"அம்மா, அடுப்பு வாசனை வருது."

வண்டியை ஓரங்கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தள்ளியிருந்த பனைமரங்கள் வரைக்கும் ஓடினேன். அங்கே நின்றுதான் கணவருக்கு போன் செய்தேன்.

"கேஸ் வண்டியில கேஸ் வாசனை வராம மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவர் கேலியாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மல்லிகை செண்ட் பாட்டிலை வாங்கி வந்து கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டார். மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, "இப்போ அடுப்பு வாசனை வருதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பூ வாசனை."

வழக்கு முடிந்துவிட்ட வக்கீலைப்போல் என்னைப் பார்த்தார்.

எட்டாம் வகுப்புக்கு நான்தான் அறிவியல் எடுக்கிறேன். எல்பிஜிக்கு இயல்பில் வாசனை கிடையாது, கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று நாற்றத்தைச் சேர்க்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். எங்கோ ஒருவர் பொறுப்பாக அந்த நாற்றத்தை அளந்து கலக்கிறார். என் கணவர் பொறுப்பாக அதை மல்லிகையால் மூடுகிறார். இருவருக்கும் நடுவில் நான் காரை ஓட்டுகிறேன்.

மெக்கானிக்கிடம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கணவரும் வந்தார், என் பிடிவாதத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு முகத்துடன். மெக்கானிக் டிக்கியைத் திறந்து, குனிந்து, மோந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, நல்லா கமகமன்னு மல்லிப்பூ வாசனைதான் வருது" என்றார் கணவரிடம். என் பக்கம் திரும்பி, "லீக்கு கீதா இல்லியான்னு இப்பவே காட்றேன் பாருக்கா" என்று பாக்கெட்டில் கைவிட்டு ஒரு லைட்டரை எடுத்தார்.

மகளை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, எதிரே இருந்த இளநீர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அங்கிருந்தே பார்த்தேன். குழாயின் மேலே விளக்கு காட்டுவதுபோல் நெருப்பை நகர்த்திக்கொண்டே போனார். என் கணவர் பக்கத்தில் குனிந்து அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாக்கா? புடிக்கல. லீக்கு இல்ல."

"புடிச்சிருந்தா?" என்று சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன்.

"புடிச்சிருந்தா லீக்கு கீதுன்னு தெரிஞ்சிருக்கும்ல?"

இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இப்டி பேஜார் ஆனா எப்டி அண்ணாத்த வூட்ல சமாளிக்கிறே?" என்று மெக்கானிக் கேட்டது எனக்குக் கேட்டது. என் கணவர் ஏதோ சொன்னார், அது கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

கசிவைக் கண்டுபிடித்துக் கத்தும் ஒரு கருவியை ஆன்லைனில் வாங்கினேன். மாட்டிய நிமிடமே கத்தியது. டேங்குக்கு அல்ல, மல்லிகை செண்ட்டுக்கு. "செண்ட்டை எடுத்துடுங்க" என்றேன். அவர் கருவியின் பேட்டரியை எடுத்தார். பிறகு நானே திருட்டுத்தனமாக செண்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேட்டரியைத் திரும்பப் போட்டேன். என் கைப்பையிலிருந்த சானிடைசருக்கு ஒருமுறை கத்தியது. அப்புறம் ஓய்ந்துவிட்டது. காற்று சுத்தமாக இருப்பதால் சும்மா இருக்கிறதா, அதுவே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைசியில், வீட்டு சிலிண்டர் மாற்றியதும் ரெகுலேட்டரில் செய்வோமே, அதைத்தான் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது, பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தேன். "குட்டி குட்டி பலூன்!" என்று மகள்தான் முதலில் பார்த்தாள். டேங்கில் குழாய் சேரும் பித்தளை நட்டின் ஓரத்தில், பால் பொங்கத் தொடங்கும்போது வருமே, அப்படி சோப்பு முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி வந்தன. டேங்கின் வால்வை மூடினேன். மூடுவதற்கு முன்னால் போனில் வீடியோ எடுத்திருந்தேன். இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?

கணவரை எழுப்பிக் காட்டினேன். இரண்டுமுறை பார்த்தார்.

"சோப்புத் தண்ணி அடிச்சா நுரை வராதா?"

"மத்த எடத்துல எங்கேயும் வரலையேங்க."

"கிட்ட போயி பாத்தா எல்லாமே அப்டித்தான் தெரியும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். ஆனால் மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டவர் அவர்தான். மெக்கானிக் வந்து, நட்டைக் கழற்றி, "வாஷர் போய்க்கீது" என்று புதிதாக ஒன்றைப் போட்டார். முழுக்கக் கால்மணி நேர வேலை.

"அன்னைக்கு லைட்டர் காட்டினீங்களே?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு காத்து அடிச்சிகினு இருந்துச்சிக்கா."

மன்னிப்பு என்ற சொல் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்டாக் இல்லை.

நான் கொண்டாடினேன். மகளைத்தான். அவள் மூக்குதானே கண்டுபிடித்தது. மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கேட்ட ஐஸ்க்ரீமை வாங்கிக் கொடுத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவளிடம் வகுப்பில் பேசும் குரலில், "எப்ப அந்த வாசனை வந்தாலும் உடனே அம்மாகிட்ட சொல்லணும், அம்மா வண்டிய நிறுத்திடுவேன்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பாதி நாள் நினைக்கிறேன்.

அடுத்த வாரமே சொன்னாள். நிறுத்தினேன், இறக்கினேன், ஸ்ப்ரே அடித்தேன். நுரை வரவில்லை. பள்ளிக்குத் தாமதம். இரண்டு நாள் கழித்து மறுபடி. பனைமரத்தடியில் நின்றுகொண்டு என் கையைப் பிடித்து, "இன்னைக்கு டிக்டேஷன் முடிஞ்சிருக்குமாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷம் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு கவனித்தேன். கடற்கரைக்குப் போகும்போது திருக்கழுக்குன்றம் தாண்டி, பூஞ்சேரி தாண்டி, கடல் தெரியும்வரை வண்டியில் ஒரு வாசனையும் கிடையாது. திரும்பும்போது முதல் வளைவிலேயே வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஊருக்கே கேட்கும்படி மூச்சை இழுத்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் வரல. ஏமாத்துறா. முதுகுல ரெண்டு வையி, வாசனை பறந்துடும்" என்றார். அவர் மூக்கை நான் நம்புவேனா? மல்லிகை வாங்கிய மூக்கு அது.

சென்ற மாதம் ஒருநாள் எட்டாம் வகுப்புக்குத் தேர்வு, நான்தான் கண்காணிப்பு. ஏரிக்கரையில் மகள், "அம்மா, வாசனை" என்றாள். நான் நிறுத்தவில்லை. எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். "நெஜமா வருதும்மா" என்று அழத் தொடங்கினாள். முன்பும் அழுதிருக்கிறாள். நான் ஓட்டினேன். பள்ளி வாசலில் அவளை இறக்கி, ஆயாவிடம் ஒப்படைத்து, டிக்கியைத் திறந்து அடித்தேன். அதே நட்டின் ஓரத்தில் ஒரே ஒரு முட்டை மெதுவாகப் பெரிதாகி உடைந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். வரவில்லை. இன்னொருமுறை. வரவில்லை. சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை வராதா என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது என் கணவருடைய குரல். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எழுதத் தெரியவில்லை. அன்று மூன்று பாடவேளை நான் பிள்ளைகளைக் கண்காணித்தேனா, ஜன்னல் வழியாகக் காரைக் கண்காணித்தேனா என்று கேட்டால் காரைத்தான்.

மெக்கானிக் வாஷரை மறுபடி மாற்றினார். "ஒண்ணியும் இல்லக்கா, உன் ஆறுதலுக்குப் போட்டேன்" என்றார். என் ஆறுதலுக்கென்று உலகில் தனியாக வாஷர் தயாராகிறது போலிருக்கிறது.

இந்த வாரம் நாங்கள் பஸ்ஸில் போகிறோம். கார் வாசலில் நிற்கிறது. "கேஸ் டேங்கோட நிக்கிற கோயில் தேர் ஆயிடுச்சு, வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கலாம்" என்கிறார் கணவர். நேற்று பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டிருந்த என் துப்பட்டாவை மகள் இழுத்தாள்.

"அம்மா, வாசனை வருது."

"இது பஸ்ஸுடி. டீசல்."

"அதான் சொன்னேன், வாசனை வருதுன்னு" என்றாள். பக்கத்து சீட்டில் இருந்த பூக்காரம்மா, "இன்னாமா, உம்பொண்ணு போலீஸ் நாய் கணக்கா கீது" என்று சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. ஏரிக்கரையில் சொன்னதெல்லாம் பொய்யா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

வரும் திங்கட்கிழமை முதல் பள்ளியில் மாலை வகுப்பு. பஸ்ஸில் சமாளிக்க முடியாது, காரை எடுத்தாக வேண்டும். இதைப் படிப்பவர்களில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேஸ் வண்டி ஓட்டுபவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். டேங்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல வேண்டாம், அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது என்று அவளுக்குப் புரியவும் வேண்டும், நிஜமாக வரும்போது பயந்து வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. இதை ஒரு யுகேஜி பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? உங்கள் வீட்டில் சொல்லி, பலித்த வார்த்தையாக இருந்தால் நல்லது.